திருவனந்தபுரம் கோலப்ப பிள்ளை

சுசீந்திரத்தில் அந்த நாளில் கோலப்ப பிள்ளை என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கடுக்கன் கோலப்ப பிள்ளை. இன்னொருவர் கேஸ் கோலப்ப பிள்ளை. வரப்புத் தகராறு ஒன்றுக்காகப் பதினாறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர். மூன்றாமவர்தான் நம் சரித்திர நாயகர், திருவனந்தபுரம் கோலப்ப பிள்ளை. முதல் இருவருக்கும் பட்டம் காதாலும் காலாலும் வந்தது. இவருக்கு வாயால் வந்தது.

அந்தப் பட்டத்தின் மதிப்பு இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. அப்போது நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு மந்திரி, அப்பீல், பெரிய டாக்டர், பைத்தியக்கார ஆஸ்பத்திரி எல்லாமே திருவனந்தபுரத்தில் இருந்தன. எந்தக் காரியமானாலும் அங்கேதான் போய்த் தீரவேண்டும். போகிறவன் முதலில் கோலப்ப பிள்ளை வீட்டுக்கு வருவான். எங்கே இறங்குவது, யாரிடம் எப்படிப் பேசுவது, எந்த ஓட்டலில் சோறு வேகாமல் போடுவான் என்பதெல்லாம் அவர் சொல்வார். கடைசியில், "அவ்வளவு தூரம் போறே, மியூசியத்த மட்டும் பாக்காம வந்திராதே" என்று ஆரம்பிப்பார். அறுபத்திநாலு வகை மருந்து மரத்தில் கடைந்த கட்டில், முகம் பார்த்து மீசை முறுக்கலாம் போன்ற கறுப்புத் தரை, ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உண்ணுகிற மாடி என்று அரைமணி நேரம் ஓடும்.

போய்விட்டு வந்தவர்களில் எவனாவது, "அண்ணாச்சி, கட்டிலக் காணல்லியே" என்றால் அவர் கலங்கமாட்டார்.

"நீ எந்த வாசல் வழியா ஏறினே?"

"தெக்கு வாசல்."

"அதான் பாத்தியா. கட்டிலு வடக்கேயாக்கும்."

கேட்டவன் தன் முட்டாள்தனத்தை நொந்துகொண்டு போய்விடுவான்.

இனி, சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கக்கூடாத ஒரு விஷயம். கோலப்ப பிள்ளை திருவனந்தபுரம் போனதே கிடையாது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, அதாவது இங்கிலீஷ் கணக்கில் முப்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசியில், இருபத்துநாலு வயசில், அங்கே பெருமாள் கோயில் ஆறாட்டுத் திருவிழா பார்க்கத்தான் அவர் பஸ் ஏறினார். வில்லுக்குறி தாண்டும்போது வயிறு பேச ஆரம்பித்தது. தக்கலையில் அது கூப்பாடு போட்டது. பக்கத்தில் இருந்தவர்களின் வேண்டுகோளுக்கிணங்க கண்டக்டர் அவரை அங்கேயே இறக்கிவிட்டான். டைட்டஸ் என்பவரின் சாயாக்கடையில் ஒரு பெஞ்சில் மூன்று நாள் கிடந்தார். எழுந்து நடக்க முடிந்தபோது, பக்கத்தில்தானே என்று பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பொழுதைக் கழித்தார். நாலாம் நாள் ஊர் திரும்பினால் தெருவே கூடி நின்று, "ஆறாட்டு எப்பிடி?" என்றது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "கொள்ளாம்", அதாவது நன்றாக இருந்தது, என்று வந்துவிட்டது. அப்புறம் வாயை மூட முடியவில்லை. அன்று முதல் வருஷா வருஷம் ஐப்பசியில் பை தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் புறப்படுவார். தக்கலையில் இறங்கி, மூன்று நாள் புட்டு தின்று, அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து மியூசியத்தைப் பற்றிச் சொல்வார். இப்படி இருபத்திரண்டு ஐப்பசி.

இந்த நிம்மதியான வாழ்க்கைக்கு ஒரு சத்துரு உண்டு. அவர் மனைவி அன்னக்கிளியின் தம்பி நாராயணபெருமாள், மெட்ராஸில் சர்க்கார் ஆபீஸ் கிளார்க். ஊருக்கு வந்தாலும் பேன்ட்டைக் கழற்றமாட்டான். வாய் திறந்தால் 'மெட்ராஸ்ல' என்றுதான் திறப்பான். நாஞ்சில் நாட்டைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று மூலைக்கு மூலை கூட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஊரெல்லாம் கைதட்டியபோது கோலப்ப பிள்ளை மட்டும் கையைக் கக்கத்தில் வைத்திருந்தார். தமிழ்ப் பற்று இல்லாமல் அல்ல. தலைநகரம் மெட்ராஸ் ஆகிவிட்டால் ஜனங்கள் வழி கேட்க எந்த வீட்டுக்குப் போவார்கள் என்ற கவலை.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் சித்திரை மாசம், கும்பப்பூ அறுவடை நெல்லெல்லாம் பத்தாயத்துக்குப் போனபிறகு, லீவில் வந்த மச்சினன் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

"அத்தான், வெள்ளிக்கெழம பிளஷர் காரு பேசியிருக்கேன். எல்லாருமா திருவனந்தபுரம் போறோம். நீங்கதான் சுத்திக் காட்டணும். வடக்கு வாசல் வழியாவே ஏறுவோம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தானா என்பது பற்றிக் கோலப்ப பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தது. அன்று இரவு காய்ச்சல் வரவழைக்க முயன்றார். வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிளஷர் வந்து நின்றது. டிரைவர் ததேயுஸ், குளச்சல்காரன். முன்சீட்டில் கோலப்ப பிள்ளை, கையில் எலுமிச்சம்பழம். பின்னால் அன்னக்கிளி, பதினாறு வயது மகள் தாணம்மாள், பேன்ட்டோடு நாராயணபெருமாள். அன்னக்கிளி மடியில் ஒரு பெட்டி. உள்ளே புளிச்சோறு, பிச்சிப்பூ மாலை, சூடம், புருஷனின் மாற்று வேட்டி, நேரியல் துண்டு.

தக்கலை வந்ததும் கோலப்ப பிள்ளை, "நிறுத்தாதே, நேரே விடு" என்றார்.

"ரேடியேட்டரு கொதிக்குது அண்ணாச்சி. தண்ணி ஊத்தாண்டாமா?" என்று ததேயுஸ் நிறுத்தினான். ரோட்டில் எத்தனையோ கடை இருக்க, டைட்டஸ் கடை முன்னால் நிறுத்தினான்.

நரைத்த மீசையோடு டைட்டஸ் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஏட்டி சகாயசெல்வி, நம்ம அண்ணாச்சி வந்திருக்காரு! இஞ்சி தட்டிக் கட்டன் சாயா போடு!"

உள்ளே புகையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "அண்ணாச்சிக்க வயிறு இப்ப எப்பிடி இருக்கு?"

புட்டும் பயறும் பப்படமும் மட்டிப்பழமும் வந்தன. நாராயணபெருமாள், "மெட்ராஸ்ல காலைல இட்லி சாம்பார்தான்" என்று சொல்லிவிட்டு மூன்று குழல் புட்டு தின்றான். புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்த அன்னக்கிளியின் கை மட்டும் நின்றுபோயிருந்தது.

"யாரு அவ? ஒங்க வயித்தப் பத்தி அவளுக்கென்ன?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"போற வழியில ஒரு சாயா குடிக்கது உண்டு. அந்தப் பழக்கம்."

"பழக்கம்" என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பழத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

பக்கத்தில்தான் அரண்மனை என்று டைட்டஸ் எடுத்துக் கொடுக்க, பார்த்துவிட்டே போவோம் என்று மச்சினன் தீர்மானித்தான். வாசலில் காவல்காரர் கோலப்ப பிள்ளைக்குக் கும்பிடு போட்டார். அங்கேதான் அவருக்கு விதி சதி செய்தது. உள்ளே கால் வைத்ததும், தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர் என்பதை அவர் மறந்துபோனார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அல்லவா! பூமுகத்தின் கூரையில் தொண்ணூறு மரப்பூ, ஒன்றுபோல ஒன்று கிடையாது என்றார். குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் என்று காட்டினார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வைத்திருந்த கல்லைக் காட்டி, "இத நூத்தியொரு மட்டம் எண்ணி எண்ணித் தூக்கணும் மாப்ளே. நீ குனிஞ்சாலே பேன்ட்டு கிழிஞ்சிரும்" என்றார். தரையில் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் கலந்த கதையைச் சொல்லும்போது, வேறு ஒரு கூட்டமும் வந்து அவர் பின்னால் சேர்ந்துகொண்டது.

ஒரு மாடி அறையில் தாணம்மாள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது அறுவத்திநாலு மரத்துல செஞ்ச கட்டிலுல்லா?"

"ஆமா மக்கா, டச்சுக்காரன் குடுத்தது..." என்று சொல்லி வந்தவர் நடுவில் நின்றார்.

"இது திருவனந்தபுரம் மியூசியத்துலல்லா இருக்கு? வடக்கு வாசல்ல?"

"அந்தக் கறுப்புத் தரையும் அங்கதானே அத்தான்?" என்றான் மச்சினன், குரலில் தேன் வடிய.

கோலப்ப பிள்ளை ஒரு கணம் கட்டிலைப் பார்த்தார். படுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"ராஜா குடும்பத்துல எதுவும் ஒண்ணா செய்யமாட்டாவ. எல்லாம் ஜோடிதான். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க."

"ஆயிரம் பேரு உண்ணுக மாடியுமா?"

"அங்க ரெண்டாயிரம்."

காரில் ஏறும்போது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது: இன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு கட்டிலைக் காட்டியாகவேண்டும். இல்லாவிட்டால் பட்டம் மெட்ராஸுக்குப் போய்விடும்.

குழித்துறைப் பாலத்தில் வயிறு தன் வேலையைத் தொடங்கியது. பாறசாலையில் ஒருமுறை, நெய்யாற்றின்கரையில் ஒருமுறை என்று ததேயுஸ் நிறுத்தி நிறுத்தி ஓட்டினான்.

"வருஷா வருஷம் போற ஆளுக்கு இது என்ன கூத்து?" என்றாள் அன்னக்கிளி, முதுகைத் தடவாமல்.

"பஸ்ஸுன்னா பெரிய வண்டி, அலுங்காது. இது சின்ன வண்டில்லா."

"என் வண்டியையா சொல்லுகியோ?" என்று ததேயுஸ் முறைத்தான். "போன வாரம் நெறமாசக்காரி ஒருத்தியக் கொண்டுபோனேன். ஒரு ஏப்பம்கூட விடல்ல."

மியூசியம் வந்தது. கோலப்ப பிள்ளை வெளிறிய முகத்தோடு இறங்கி அண்ணாந்து பார்த்தார். சரிந்த கூரை, முகப்பில் மரவேலை, கோபுரம் போல உச்சி. வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு. கதவு வழியே இருட்டில் வெண்கலச் சிலைகள் மினுங்கின. அவருக்கு உயிர் வந்தது. இது அவருக்குத் தெரிந்த சமாசாரம். இந்த ராஜ்யத்தில் சாமி இருக்கிற இடத்துக்கு ஆண்பிள்ளை எப்படிப் போகவேண்டும் என்பது பால்குடி மறக்குமுன்பே பழகியது. ஒரு நிமிஷத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு, நேரியலை இடுப்பில் கட்டினார்.

"மாப்ளே, சட்டையக் கழத்து. பேன்ட்டு உள்ள ஆவாது. காருக்குள்ள போயி என் வேட்டிய உடுத்திட்டு வா."

"மியூசியத்துக்கா அத்தான்? மெட்ராஸ்ல..."

"மெட்ராஸ்ல என்ன வேணும்னாலும் செய். இது திருவனந்தபுரம். வெளிய நிறுத்தி வச்சிருவான். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

ஆயிரம் சந்தேகம் இருந்தாலும் அந்தக் குரலில் இருந்த நிச்சயம் நாராயணபெருமாளைக் காருக்குள் தள்ளியது. திரும்பி வரும்போது வெற்றுடம்பும், நாலுவிரல் கரை வேட்டியுமாக, உரித்த பனங்கிழங்கு போல இருந்தான். பேன்ட்டையும் சட்டையையும் ததேயுஸ் வாங்கி மடித்து வைத்தான். அவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்; இது இவர்கள் முறை போலிருக்கிறது என்று மரியாதையாக வாய் திறக்கவில்லை.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்த இரண்டு குடும்பம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கோலப்ப பிள்ளையின் நடையைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்லச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். உள்ளே போய்ச் சேர்ந்தபோது வெற்றுடம்பு ஆண்கள் ஏழுபேர். கோலப்ப பிள்ளை முன்னால் நடக்க, எல்லோரும் சிலைகளை வலம்வந்தார்கள். வெண்கலப் பெருமாள் ஒருவர் முன்னால் அவர் கைகூப்பி நின்று, "ஐயாயிரம் வருசம்" என்றார். அன்னக்கிளி பிச்சிப்பூ மாலையை எடுத்துச் சிலையின் காலடியில் வைத்தாள். அந்த மணத்தில் நாராயணபெருமாளுக்கு என்ன தோன்றியதோ, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பக்கத்தில் காலேஜ் பெண்கள் சிலர் நோட்டுப்புத்தகத்தில் சிலையைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தாளைத் திருப்பிவிட்டு, கீழே கிடந்ததையும் வரைய ஆரம்பித்தாள்.

அன்னக்கிளி சூடத்தை எடுத்துத் தீப்பெட்டியை உரசியபோதுதான் காவலாளி ஓடிவந்தார்.

"அய்யய்யோ! எந்தா இது? இது அம்பலமல்ல, மியூசியமாணு! தீ கெடுத்து! எல்லாரும் குப்பாயமிடு!"

அம்பலம் என்றால் கோயில், குப்பாயம் என்றால் சட்டை. அதற்குள் அந்தக் கூடத்தில் மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் போயிருந்தது. செங்கோட்டைக்காரர்கள் வாசலுக்குப் பறந்தார்கள். நாராயணபெருமாள் தரையில் கிடந்தபடியே தலையை மட்டும் தூக்கினான்.

காவலாளி நல்ல மனுஷர். அன்னக்கிளி தீக்குச்சியை ஊதி அணைத்ததும் கோபம் தணிந்து, கோலப்ப பிள்ளையிடம், "நிங்ஙள் ஆத்யமாயிட்டாணோ வருந்நது?" என்றார். முதல் தடவை வருகிறீர்களா என்பது கேள்வி.

மகள் பார்த்தாள். மச்சினன் பார்த்தான். எல்லோரையும்விட, அணைந்த தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அன்னக்கிளி பார்த்தாள்.

"ஆமா" என்றார் கோலப்ப பிள்ளை.

வெளியே தோட்டத்து மரத்தடியில் பெஞ்சு இருந்தது. அன்னக்கிளி உட்காரவில்லை.

"வருஷம் தோறும் பையத் தூக்கிட்டு எங்க போனியோ?"

"தக்கலைக்கு."

"யாரு அந்த சகாயசெல்வி?"

"டைட்டசுக்க பெண்டாட்டி."

"வயசு?"

"அறுவது தாண்டியாச்சு. முன்வாயில மூணு பல்லு. பஸ்ஸுல வாந்தி எடுத்துக் கெடந்தப்போ சுக்கு கசாயம் போட்டுத் தந்தவ. எனக்குப் பஸ்ஸு ஒத்துக்கிடாது அன்னக்கிளி. தக்கலைக்கு அந்தாண்ட ஒருநாளும் போனதில்ல. வெளிய சொன்னா நாணக்கேடு."

அன்னக்கிளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். புளிச்சோற்றுப் பொதியை அவிழ்த்தாள். காலையிலிருந்து எதுவும் உண்ணாதவள், மூன்று உருண்டை உண்டபிறகுதான் பேசினாள்.

"இதச் சொல்லுகதுக்கா இருவது வருசம்? நான் என்னவெல்லாமோ நெனச்சு வயித்துல நெருப்பக் கெட்டிக்கிட்டுல்லா வந்தேன். மியூசியம் பாக்கலேன்னா போனா போகுது சவம்" என்றாள். அவருக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். யோசித்துப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இன்னும் திரும்பிப் போகும் வழி இருக்கிறதே.

நாராயணபெருமாளிடம் அப்படிப்பட்ட இரக்கம் கிடையாது. வேட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், இத ஊர்ல நான் சொல்லாம இருக்கமாட்டேன்."

"எத?"

"நீங்க திருவனந்தபுரத்த கண்ணால கண்டதில்லேங்கத."

"தாராளமாச் சொல்லு. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேப்பான்லா?"

"கேக்கட்டும்."

"அப்போ என்னத்த உடுத்திட்டு, எங்க, எப்பிடிக் கெடந்தேன்னும் சொல்லணும் மாப்ளே."

மச்சினன் வேட்டி முடிச்சை இன்னும் இறுக்கினான்.

"அந்தக் காலேஜ் அக்கா படம் நல்லா வரஞ்சிருக்கா மாமா" என்றாள் தாணம்மாள். "முதுகு மச்சம் முதக்கொண்டு வந்திருக்கு."

பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. உடன்படிக்கை என்று ஒன்று கையெழுத்தாகாவிட்டாலும், நாராயணபெருமாள் பேன்ட்டுக்குத் திரும்பியதே அதற்குச் சாட்சி.

மறைக்க ஒன்றுமில்லாத மனிதராகக் கோலப்ப பிள்ளை அதற்கப்புறம்தான் திருவனந்தபுரத்தைப் பார்த்தார். சட்டை போட்டுக்கொண்டு, எல்லா அறைக்கும் போனார். தெரியாததைக் காவலாளியிடம் கேட்டார். ஒரு கூடத்தில் பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடந்தது. அதன்முன் கால்மணி நேரம் அசையாமல் நின்றார். பிறகு குதிகாலும் பெருவிரலும் சேர்த்து வைத்து, தலையிலிருந்து வால்வரை அடிமேல் அடியாக அளந்தார். முப்பத்தைந்து. தவறியிருக்குமோ என்று வாலிலிருந்து தலைக்கும் அளந்தார். முப்பத்தைந்துதான்.

"எங்க கடலுல இதவிடப் பெருசு உயிரோட போறதக் கண்டிருக்கேன்" என்றான் ததேயுஸ். கோலப்ப பிள்ளை அவனைப் பொறாமையோடு பார்த்தார்.

மறுநாள் காலை தெப்பக்குளத்துப் படித்துறையில் பாதி ஊர் காத்திருந்தது. கோலப்ப பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக, தான் கண்ணால் கண்டதைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு மீனு. எலும்பு மட்டும். முப்பத்தஞ்சு அடி."

சயன்ஸ் வாத்தியார் தங்கப்பன் துவைத்துக்கொண்டிருந்த வேட்டியைக் கல்லில் வைத்தார்.

"மீனுக்கு முப்பத்தஞ்சு அடியா? என்னவே, காலம்பறயே தொடங்கியாச்சா?"

"காலால அளந்தேன்வே. ரெண்டு மட்டம் அளந்தேன்."

"சர்க்காரு எலும்ப ஒம்ம மிதிச்சு அளக்க விட்டானாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேச்சுக்கு ஊர் சந்தேகப்பட்டது அதுவே முதல் தடவை. அவர் மச்சினனைச் சாட்சிக்குப் பார்த்தார். நாராயணபெருமாள் வாய் நிறைய உமிக்கரியோடு மேல்படியில் நின்று, கோபுரத்தையே முதன்முறை காண்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கோலப்ப பிள்ளை அடிகளை மறுபடி விளக்கினார், குதிகாலைத் தண்ணீருக்குமேல் தூக்கிக் காட்டக்கூடச் செய்தார். விளக்க விளக்க முகங்கள் கோணிக்கொண்டே போயின. இருவர் கரையேறத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் ஒரு முங்கு முங்கி எழுந்தார். தலையைத் துவட்டவில்லை.

"எவம்வே முழுசையும் கேக்கான்? நான் சொன்னது வாலு மட்டும். முழு மீனு நூத்தியிருவது அடி. மகாராஜா பொன்னு தம்புரான் காலத்துல ரெண்டு கப்பல விட்டு மறிச்சுப் பிடிச்சது. வயித்தக் கீறினா உள்ள ஒரு வள்ளம், அதுக்குள்ள வலையோட ரெண்டு ஆளு."

கரையேறியவர்கள் திரும்பித் தண்ணீரில் இறங்கினார்கள். தங்கப்பன் வாத்தியார் பெருமூச்சு விட்டு வேட்டியைக் கையில் எடுத்தார்.

"அப்பிடி வெவரமாச் சொல்லும்வே" என்றார்.